முதலில் வந்த பக்கம்

என் தம்பிக்கு வலிப்பு வரும். இந்த நான்கு சொற்களைச் சொல்ல எங்கள் வீட்டில் பல வருடங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. "அவனுக்கு மேலுக்குச் சரியில்ல" என்பார் அம்மா. "தலை சுத்தி விழுந்துட்டான்" என்பார் அப்பா. பூட்டுக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. அவன் எங்கே விழுந்தாலும் ஆளுக்கொரு சாவிக்கொத்தோடு ஓடிவருவார்கள். விரல்களைப் பலவந்தமாகப் பிரித்துத் திணிப்பார்கள். ஒருமுறை பேருந்து நிலையத்தில் அப்படித் திணித்ததில் உள்ளங்கை கிழிந்து தையல் போட வேண்டியிருந்தது. வலிப்பு தானாகத்தான் நின்றது. சாவி கொடுத்தவரோ தான்தான் பிள்ளையைக் காப்பாற்றியதாக இன்றைக்கும் எங்காவது சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நிச்சயத்தின் மேல் எனக்கு அப்போதே ஆத்திரம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஊரில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். பிளைவுட் தடுப்பு, தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர், வியர்வை நாற்றம். அங்கே உட்கார்ந்து தம்பி சாப்பிடும் மாத்திரையின் பெயரை அடித்துத் தேடினேன். வந்த பக்கங்களைத் திறந்தால் அந்த மாத்திரையின் பெயர்தான் மேலிருந்து கீழ்வரை வரிவரியாக இருந்தது, ஒரே சொல்லை மறுபடி மறுபடி. நடுவில் ஒரு சூதாட்ட விளம்பரம். அந்த மாத்திரை ஈரலைக் கெடுக்குமா, தம்பி சைக்கிள் ஓட்டலாமா என்று தெரிந்துகொள்ள வந்தவள் வெறுங்கையோடு எழுந்து போனேன்.

என்னோடு படித்த ஒருத்தன்தான் காரணத்தைச் சொன்னான். வகுப்பிலேயே கெட்டிக்காரன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

"அந்த மெஷினு வார்த்தை எத்தன தடவ வருதுன்னு எண்ணுது, அம்புட்டுத்தான். எவன் தன் பேரத் தானே அதிகமாக் கூவுறானோ அவன் மொதல்ல வருவான்."

"அப்ப ஏமாத்துறது ஈசியாச்சே?"

"அதான இம்புட்டு குப்ப."

சில மாதங்களில் அவனே மதுரையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டு கொண்டுவந்தான். புதிதாக ஒரு தேடுபொறி வந்திருக்கிறது, அது வேலை செய்கிற விதம் பற்றிய கட்டுரை என்றான். கேன்டீன் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் படித்தோம். கணக்குகள் வந்த இடங்களில் அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

"ஒரு பக்கம் தன்னப் பத்தி என்ன சொல்லுதுன்னு இது பாக்கல. மத்த பக்கமெல்லாம் அதுக்கு லிங்க் குடுத்திருக்கான்னு பாக்குது. லிங்க் குடுத்தா ஓட்டுப் போட்ட மாதிரி."

"எல்லா ஓட்டும் ஒண்ணா?"

"அங்கதான் விசயமே இருக்கு. நெறய ஓட்டு வாங்குன பக்கம் போடுற ஓட்டுக்கு வெயிட்டு ஜாஸ்தி. ஆனா ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் அது லிங்க் குடுத்துக்கிட்டு இருந்தா, அந்த வெயிட்டு எல்லாருக்கும் பிரிஞ்சு ஆளுக்குக் கொஞ்சமாப் போயிரும்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. "மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி" என்றேன். "நல்லவனான்னு மாப்பிள்ளைட்டயே போயி கேப்பமா? ஊர்ல நாலு பேர் மதிக்கிற ஆளாப் பாத்து கேப்போம்."

"சரி, அந்த ஆளு மதிப்பானவர்னு எப்புடித் தெரியும்?"

"அவரப் பத்தியும் விசாரிக்கணும்."

"அதேதான். மொதல்ல எல்லாருக்கும் ஒரே மதிப்பு குடுத்துருவாங்க. அப்பறம் சுத்திச் சுத்தி விசாரிச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு கட்டத்துல யாருக்கு எவ்வளவுன்னு அதுவா நின்னுரும்."

அவனுக்கு அது அழகான கணக்கு. எனக்கு நியாயமாகத் தெரிந்தது. பணமும் குரலும் இல்லாத ஒரு நல்ல பக்கம், நாலு நல்லவர்கள் கைகாட்டினால் மேலே வந்துவிடும் என்றால் அது நியாயம்தானே. எங்கள் இறுதியாண்டு புராஜெக்டை இதிலேயே செய்தோம். ஆய்வகத்தில் கிடந்த சில பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்து, நாங்கள் எழுதிய நிரலை ஓடவிட்டு, வரிசை மாறுவதைப் பார்த்துக் கைதட்டினோம். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதனால்தான் பிற்பாடு நடந்தவை என்னை இவ்வளவு எரித்தன.

படிப்பு முடிந்ததும் அவன் சென்னைக்குப் போனான். நான் பழனி செல்லும் சாலையில், சோளக்காட்டுக்கு நடுவே எழும்பியிருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளரானேன். சேர்ந்த சில மாதங்களில் வலிப்பைப் பற்றித் தமிழில் ஓர் இணையப் பக்கம் தொடங்கினேன். அப்போது தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்துக்குப் பதிலாகக் கிறுக்கல் தெரியும். ஜனங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தேடினார்கள். அதனால் தலைப்பையும் முக்கியமான வரிகளையும் ஆங்கில எழுத்திலும் போட்டுவைத்தேன்.

பக்கத்தில் இருந்தது கொஞ்சம்தான். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் எதையும் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். நேரத்தைக் கவனியுங்கள், நீண்டுகொண்டே போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். இது பேயுமல்ல, சாபமுமல்ல. மாத்திரையை நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள். தம்பிக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா ஒவ்வொரு வரியையும் வாசித்துத் திருத்திக் கொடுத்தார்.

நான் யாரிடமும் போய் லிங்க் கேட்கவில்லை. ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தின் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. வெளிநாட்டில் இருந்த ஒரு தமிழ் டாக்டர் தன் பக்கத்தில் இணைத்தார். மதுரையில் பெற்றோர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு பக்கம் இணைத்தது. ஒருநாள் தம்பி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வேலையை முடித்துவிட்டு நேராகப் பிரவுசிங் சென்டர் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"அக்கா, வலிப்புன்னு அடிச்சா நம்மதான் மொதல்ல!"

ஒட்டன்சத்திரத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் பிரிண்ட் எடுத்த தாளோடு ஆட்கள் டாக்டரம்மாவிடம் வந்தார்கள். கணக்கு சரியாக வேலை செய்தது. வகுப்பில் தேடுபொறி பாடம் நடத்தும்போதெல்லாம் இதைத்தான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வேன்: பலர் மதிக்கிற பக்கம்தான் முதலில் வரும், யார் எவ்வளவு கூவினாலும் சரி.

அந்த வகுப்பில் ஆயக்குடியிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். வீட்டில் கொய்யாத் தோட்டம். அவளுக்கும் வலிப்பு உண்டு. சேர்ந்த முதல் வாரமே என்னிடம் தனியாக வந்து சொன்னாள். என் பக்கத்தைப் படித்திருக்கிறாள். அதை எழுதியது நான்தான் என்று யாரோ சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாள். விடுதியில் ஒருமுறைகூட விழவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, புரியாததைப் புரியவில்லை என்று கையைத் தூக்கிச் சொல்கிற பிள்ளை.

மூன்றாம் வருடம், விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது அவள் வரவில்லை. அவள் அறைத்தோழி வந்து சொன்னாள், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று. அன்று மத்தியானமே போனேன். வார்டு வாசலில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க மேடம், நீங்க எதுக்குங்க இம்புட்டுத் தூரம்..." என்று ஆரம்பித்தவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு அவரே சொன்னார். ஊருக்கு வெளியே ஒரு வைத்தியசாலை. ஒரு மண்டலம் பொடி சாப்பிட்டால் வலிப்பு வேரோடு போய்விடும் என்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. இங்கிலீஷ் மருந்தை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினாள். அடுப்படியில் சோறு வடிக்கும்போது விழுந்தாள். கொதிக்கிற கஞ்சி வலது கை முழுக்கக் கொட்டியது. வலிப்பு அதோடு நிற்கவில்லை, ஒன்று முடியுமுன் இன்னொன்று. வண்டி பிடித்துப் பழனி, அங்கிருந்து இங்கே.

அவள் கண் திறந்துதான் இருந்தாள். கை முழுக்கக் கட்டு.

"எதுக்கும்மா மாத்திரைய நிறுத்துன?" என்று கேட்டேன். கோபப்படக் கூடாது என்றுதான் நினைத்தேன், குரல் அடங்கவில்லை.

"லேப்ல தேடிப் பாத்தனுங்க மேம். உங்க பக்கம் இப்ப வரலீங்க. அவங்க பக்கம்தான் மொதல்ல வந்துச்சு. ரெண்டாவது, மூணாவதுல பூரா அவங்களப் பத்தித்தான் நல்லா எழுதியிருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்கதான மேம் க்ளாஸ்ல சொன்னீங்க. நெறயப் பேர் மதிக்கிற பக்கம்தான் மொதல்ல வரும்னு."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி, சரியாகத்தான் சொன்னாள். நான் அவளுக்குச் சொன்னது உண்மை. அந்த உண்மையை யாரோ இடையில் புகுந்து பொய்யாக்கியிருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்று தெரியாமல் நான் வீட்டுக்குப் போவதாக இல்லை.

கல்லூரி ஆய்வகத்துக்குத்தான் திரும்பினேன். தேடினேன். அவள் சொன்னது சரி. முதல் பக்கம் முழுக்க அந்த வைத்தியசாலை. வெள்ளை வேட்டி, கழுத்தில் மாலை, சிரித்த முகமாக ஒருவரின் படம். என் பக்கம் எங்கோ பின்னால் கிடந்தது. எந்தெந்தப் பக்கங்கள் அந்த வைத்தியசாலைக்கு லிங்க் கொடுத்திருக்கின்றன என்று கேட்டால் காட்டுகிற வசதி அந்தத் தேடுபொறியில் உண்டு. கேட்டேன். வந்துகொண்டே இருந்தது.

சினிமா கிசுகிசு, ராசி பலன், வீட்டுமனை விற்பனை, கொடைக்கானல் சுற்றுலா. எதைத் திறந்தாலும் உள்ளே ஆளில்லை. எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய நாலு வரி, கீழே ஒன்றுக்கொன்று கைகாட்டும் லிங்க்குகள், எல்லாம் சுற்றிவளைத்துக் கடைசியில் அந்த வைத்தியசாலைக்கு. சின்னாளப்பட்டிச் சேலைகளைப் பற்றி யாரோ ஆசையாக நடத்திவந்த பக்கம் ஒன்றும் அதில் இருந்தது. அவர் புதுப்பிக்காமல் விட்டதும் அந்த முகவரியை வேறொருவர் வாங்கியிருக்கிறார். சேலைப் படங்கள் அப்படியே இருந்தன. அடியில் 'வலிப்புக்கு நிரந்தரத் தீர்வு'. தேர்தலில் செத்தவர் பெயரில் ஓட்டுப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே கண்ணால் பார்த்தேன்.

இந்தப் பக்கங்கள் யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன என்றும் பார்க்கலாம். பார்த்தேன். எல்லாம் ஒரே பெயர், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி முகவரி. அந்த மாடிக்கு நான் போயிருக்கிறேன். திறப்பு விழாவுக்குப் போய் லட்டு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். சென்னையிலிருந்து திரும்பிவந்து அவன், என்னோடு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து கட்டுரை படித்தவன், தொடங்கிய வெப்சைட் கம்பெனி அது.

அதற்கும் கீழே இன்னொரு முகவரி இருந்தது. எங்கள் கல்லூரியின் முகப்புப் பக்கம்.

திறந்தேன். கட்டிடத்தின் படம், முதல்வரின் செய்தி, துறைகளின் வரிசை. வைத்தியசாலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தேடுபொறிதான் தவறாகச் சொல்கிறதோ என்று நினைத்தேன். பக்கத்தின் அடியில் வெறும் வெள்ளை இடம் கொஞ்சம் நீளமாகக் கிடந்தது. எதற்கு இவ்வளவு காலியிடம் என்று மவுஸால் இழுத்துப் பார்த்தேன். நீலம் பரவிய இடத்தில் எழுத்துகள் எழுந்தன. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. வலிப்பு, சர்க்கரை, குழந்தையின்மை, எல்லாவற்றுக்கும் லிங்க். மனிதக் கண்ணுக்குத் தெரியாது. இயந்திரத்துக்குத் தெரியும். ஒரு பொறியியல் கல்லூரி கொடுக்கிற லிங்க் என்றால் அதற்குத் தனி மதிப்பு. இத்தனை பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம்பி அனுப்பிய பெயரின் கனத்தை எடுத்து அந்தப் பொடிக்காரனின் தட்டில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை உட்கார்ந்து தேடியது இதே ஆய்வகத்தில்.

மறுநாள் காலையில் அவன் மாடிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா வா, எம்புட்டு நாளாச்சு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். முடியும்வரை கேட்டான்.

"பாவம்தான். அதுக்கு நான் என்ன பண்ண முடியும் சொல்லு? நானா மருந்து குடுத்தேன்? நான் லிங்க்தான் குடுத்தேன்."

"அந்த லிங்க்க நம்பித்தான அவ போனா!"

"நம்புறது அவங்கவங்க பொறுப்பு. இந்தா பாரு, மொதல்ல வர்றதுக்கு ஊர் ஒலகமே இதத்தான் பண்ணுது. நான் பண்ணலன்னா மதுரைல ஒருத்தன் பண்ணிட்டுப் போறான். நாம ரெண்டு பேரும் சேந்து படிச்ச கணக்குதான, அதத் திருப்பிப் போட்டேன், அம்புட்டுத்தான்."

"கீழ தள்ளுனது என் பக்கத்தன்னு தெரியுமா உனக்கு?"

அப்போதுதான் கொஞ்சம் தயங்கினான். "தெரியும்" என்றான். பிறகு முகம் தெளிந்து சொன்னான்: "உனக்கும் பண்ணித் தரவா? காசு ஒண்ணும் வேணாம்."

நக்கலுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். நக்கலாக இருந்திருந்தால் நான் திட்டிவிட்டு வந்திருப்பேன். அவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. கட்டுரையை எனக்கு வரிவரியாக விளக்கியவன், எதற்காக அந்தக் கணக்கு என்பதை மட்டும் படிக்காமலே விட்டிருக்கிறான். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். அவ்வளவு கோபம்.

முதல்வரிடம் போனேன். அவன் கல்லூரிக்கு வெப்சைட்டை இலவசமாகச் செய்துகொடுத்திருந்தான். முதல்வருக்கு அதில் பெருமை. நான் சொன்னதையெல்லாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கண்ணுக்கே தெரியாததுக்கு ஏம்மா இம்புட்டுச் சத்தம் போடுறீங்க?"

"மெஷினுக்குத் தெரியுது சார். அதுக்காகத்தான் எழுதியிருக்கு."

"நம்ம காலேஜ் பேரு அங்க எங்கயாச்சும் வருதா?"

"நம்ம காலேஜ் பேராலதான் சார் அந்தப் பக்கம் மேல நிக்குது. நம்ம ஸ்டூடன்ட் ஆஸ்பத்திரில கெடக்கா."

"அந்தப் பொண்ணு டாக்டர்ட்ட சொல்லாம கொள்ளாம மருந்த நிறுத்துனா நாம பொறுப்பாக முடியுமா? இன்ஸ்பெக்ஷன் வருது. அது முடியட்டும், பாப்போம்."

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நான் அந்தத் தேடுபொறியின் புகார்ப் பக்கத்தில் எழுதிப்போட்டேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன், இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா போலீஸில் புகார் கொடுக்கப் போனார். "அவரா உங்க வீடு தேடி வந்து குடுத்தாரு? நீங்கதானய்யா போனீங்க" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். லிங்க் கொடுத்தவன், கல்லூரி, போலீஸ், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அதையே சொன்னார்கள். விழுந்த பெண்தான் குற்றவாளி.

இன்ஸ்பெக்ஷன் நாள் வந்தது. வெளியூர்ப் பேராசிரியர்கள் சிலர் வந்திருந்தார்கள். கருத்தரங்கக் கூடத்தில் பெரிய திரை. எங்கள் துறையின் சாதனைகளை எடுத்துச் சொல்லும் வேலை எனக்கு. கல்லூரியின் வெப்சைட்டைத் திரையில் போட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று முதல்வரே சொல்லியிருந்தார். போட்டேன். வணக்கம் சொன்னேன். பிறகு பக்கத்தின் அடிக்குப் போய் கண்ட்ரோலையும் ஏ-யையும் சேர்த்து அழுத்தினேன்.

திரை முழுக்க நீலமாயிற்று. ஒளிந்திருந்த வரிகள் அத்தனையும் ஆளுயரத்துக்கு எழும்பி நின்றன.

வந்திருந்தவர்களில் மூத்த பேராசிரியை ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தமாக வாசித்தார். "வலிப்பு வேரோடு... குழந்தைப் பாக்கியம்... என்ன இது?"

"இது எங்க காலேஜ் போடுற கள்ள ஓட்டு மேடம்" என்றேன்.

நான் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். லிங்க் என்றால் என்ன, அது யாரை எப்படி மேலே தூக்குகிறது, எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி ஏன் இன்று இந்தக் கூடத்தில் இல்லை. குரல் உயர்ந்துவிட்டது, தெரியும். உயரட்டும் என்று விட்டேன். முதல்வர் பாதியில் எழுந்து, "யாரோ ஹேக் பண்ணியிருக்காங்க" என்றார்.

"அப்படியா? அப்ப இப்பவே எடுத்துருங்க, நாங்க இருக்கும்போதே" என்றார் அந்தப் பேராசிரியை. வேறெதுவும் சொல்லவில்லை. மாலைக்குள் அந்த வரிகள் போய்விட்டன.

எனக்கு மெமோ வந்தது. வகுப்புகளைப் பிடுங்கிக்கொண்டு விடைத்தாள் கட்டு அடுக்குகிற வேலையைத் தந்தார்கள். உடன் வேலை பார்த்தவர்கள் வராந்தாவில் என்னோடு நின்று பேசுவதைத் தவிர்த்தார்கள். அந்த வருட முடிவில் விலகி, வேறு கல்லூரியில் சேர்ந்தேன். அடக்கமாகச் சொல்லியிருக்கலாமே என்று நிறையப் பேர் அறிவுரை சொன்னார்கள். அடக்கமாக முதலில் சொன்னேனே, யார் கேட்டது?

கொஞ்ச காலம் கழித்து ஒரு காலையில் தம்பி கடையிலிருந்து போன் பண்ணினான்.

"அக்கா, அவனக் காணோம்!"

"யாரக் காணோம்?"

"பொடிக்காரன. தேடிப் பாரு, ஒரு பக்கம்கூட இல்ல. ராசி பலன், கொடைக்கானல், எல்லாம் காலி!"

தேடுபொறிக்காரர்கள் மொத்தமாகத் தூக்கியிருந்தார்கள். என் புகாராலா, அவர்களாகவே கண்டுபிடித்தார்களா, தெரியாது. என் பக்கம் மறுபடி மேலே வந்தது. தம்பியும் நானும் அன்று அம்மாவை உட்காரவைத்து அதைக் காட்டினோம். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். சில மாதங்களில் வேறு பெயர், வேறு முகவரி, அதே வேட்டி, அதே மாலையோடு அந்த ஆள் திரும்பிவந்துவிட்டார். நான் மறுபடி புகார் எழுதினேன். பொய்க்குச் சலிப்பே கிடையாது. உண்மை பேசுகிறவனுக்குத்தான் சோறும் தூக்கமும் வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண் ஒரு வருடம் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பினாள். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. இடது கையால் அதிகமாகத் தட்டிப் பழகிக்கொண்டாள். இறுதியாண்டு புராஜெக்ட் என்ன செய்யப்போகிறாள் என்று சொல்ல என் வீட்டுக்கே வந்தாள்.

"பொய்ப் பக்கத்தக் கண்டுபிடிக்கிறதுங்க மேம். இப்ப எல்லாரும் நல்ல பக்கத்துலேருந்து மதிப்ப முன்னால தள்ளுறாங்க. நான் பொய்ப் பக்கத்துலேருந்து சந்தேகத்தப் பின்னால தள்ளப் போறனுங்க. பொய்க்கு லிங்க் குடுத்தவன் மேல சந்தேகம். அவனுக்குக் குடுத்தவன் மேலயும் கொஞ்சம் சந்தேகம். நல்லவங்க யாரும் தெரிஞ்சே அவங்களுக்கு லிங்க் குடுக்க மாட்டாங்கல்ல."

"அப்ப நம்ம காலேஜோட பழைய பக்கம்?"

"அதுவும் மாட்டுமுங்க மேம்" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருந்தது சிரிப்பு மட்டுமில்லை. என்னிடம் இருந்த கோபம் அவளிடமும் இருந்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

அவனை அதன்பிறகு நான் பார்த்தது ஒரே ஒருமுறை. எங்களோடு படித்த தோழியின் தங்கைக்குப் பேகம்பூரில் கல்யாணம். வகுப்பு நண்பர்களுக்கென்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். பிரியாணி பரிமாறும் நேரத்தில் அவன் வந்து எதிரில் உட்கார்ந்தான். எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டு, என்னிடம் குனிந்து கேட்டான்.

"இன்னும் கோவமாவா இருக்க?"

"ஆமா."

"விடு, பழச எதுக்குப் பேசிக்கிட்டு. நான் இப்ப அதெல்லாம் பண்றதில்ல. பண்ணாலும் கண்டுபிடிச்சு ஒரேயடியா எறக்கி விட்டுர்றான்."

"கண்டுபிடிக்கலன்னா பண்ணுவேல்ல?"

பிரியாணியிலிருந்த எலும்பை எடுத்து ஓரத்தில் ஒதுக்கினான்.

"அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வெரலு மடங்காது. ஒரு தடவையாவது போயிப் பாத்தியா?"

"கல்யாண வீட்ல வந்து எதுக்கு இதெல்லாம்" என்றான், மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தபடி. ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் தோழி அவனைப் பார்க்கவேயில்லை, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து வேறு மேசைக்குப் போனான்.

நான் எழுந்திருக்கவில்லை. நான் ஏன் எழுந்திருக்க வேண்டும்? இன்னும் கொஞ்சம் தால்ச்சா ஊற்றச் சொல்லி, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தேன்.